மாறாத மாறி: எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியில் பெயரீடும் நிபந்தனை மதிப்பும் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் முயற்சி 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தால் ஓர் இயக்கமாக வளர்ந்தது. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 2001ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடிய காலத்தில் எழுத்துக் குறியேற்றமும் விசைப்பலகையும் அறிஞர்தம் கவனத்தைப் பெரிதும் ஈர்த்திருந்தன. யூனிகோடு நிலைபெற்ற பின்னர் அச்சிக்கல் பெருமளவு தணிந்துவிட்டது. இன்று நம்முன் உள்ள வினா வேறு. மூலம், உரை, பாடவேறுபாடு எனப் பகுத்து எக்ஸ்.எம்.எல். முறையில் குறியிடப்பட்ட ஒரு நூலை, வாசகர் காணும் பக்கமாக மாற்றித் தருவது எது? அம்மாற்றத்தின் விதிகளை எழுதுபவர் யார்? அவ்விதிகள் பிழைபட்டால் அதனை எவ்வாறு அறிவது?

இவ்விதிகளை எழுதுவதற்கென்றே வகுக்கப்பட்டது எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் நடைத்தாள் மொழியாகும். உலகளாவிய வலைத்தளக் கூட்டமைப்பு இதன் முதற் பதிப்பை 1999ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் கிளார்க். மைக்கேல் கே பதிப்பாசிரியராக விளங்கிய 2.0 பதிப்பு 2007ஆம் ஆண்டிலும் 3.0 பதிப்பு 2017ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மானிடவியல் துறைகளில் பனுவல் குறியீட்டுக்குப் பெரிதும் பயன்படும் டி.இ.ஐ. நெறிமுறையைப் பின்பற்றுவோர் பலர் இம்மொழியையே கையாளுகின்றனர். ஆகவே இது கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய பொருளன்று, பதிப்பாசிரியர்க்கும் உரியதாகும்.

இம்மொழியைப் பயிலத் தொடங்குவோர் முதலில் கூறும் குறை ஒன்றுண்டு: 'மாறிக்கு ஒருமுறை மதிப்பளித்தால் பின்னர் மாற்ற இயலவில்லை.' இக்குறை எத்துணைப் பொருத்தமுடையது என்பதையும், மொழியின் உண்மையான குறை எங்கே உள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. மாறி என்னும் பெயர்

கணினிக் கல்வியில் 'மாறி' என்னும் கலைச்சொல் ஒரு பெட்டியை நினைவூட்டும் வகையில் கற்பிக்கப்படுகிறது. பெட்டியில் ஓர் எண்ணை இடலாம். பின்னர் அதனை எடுத்துவிட்டு வேறோர் எண்ணை வைக்கலாம். 'எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி அதனையே புதிய எண்ணிக்கையாகக் கொள்க' என்று எழுதுவது இவ்வகை மொழிகளில் இயல்பு. எக்ஸ்.எஸ்.எல்.டி.யில் அவ்வாறு எழுத இயலாது. 'வேரியபிள்' என்னும் கட்டளையால் ஒரு மதிப்புக்குப் பெயரிடலாம். அப்பெயர் தன் எல்லை முடியும்வரை அம்மதிப்பையே குறிக்கும்.

இது முரண்பாடு போலத் தோன்றினும், பள்ளியில் நாம் கற்ற இயற்கணிதத்தை நினைவுகூர்ந்தால் ஐயம் நீங்கும். ஒரு சமன்பாட்டின் முதலடியில் ஒரு மாறி 5 என்னும் மதிப்பைப் பெறுமாயின், மூன்றாம் அடியில் அது 6 ஆகிவிடுவதில்லை. கணக்குக்குக் கணக்கு மதிப்பு வேறுபடும். ஒரே கணக்கினுள் வேறுபடாது. எக்ஸ்.எஸ்.எல்.டி. மாறியும் அத்தகையதே. குறளுக்குக் குறள் 'வரிசை எண்' வேறுபடும். ஒரு குறளைக் கையாளும் வார்ப்புருவுக்குள் அது நிலையானது. ஆகவே முரண் மொழியில் இல்லை. பெட்டி என்னும் உவமையில் உள்ளது எனலாம்.

இம்மரபின் வேர் முன்னைய நடைத்தாள் மொழியில் உள்ளது. 1996ஆம் ஆண்டு பன்னாட்டுத் தரமாக வெளிவந்த டி.எஸ்.எஸ்.எஸ்.எல்., ஸ்கீம் என்னும் சார்புவழி மொழியை அடிப்படையாகக் கொண்டது. கிளார்க் அதற்கான மென்பொருளை உருவாக்கியவர். தரப்பட்டவற்றிலிருந்து விடையைப் பெறுவதே சார்பின் தொழில். இடையில் எதனையும் மாற்றி வைப்பது அதன் தொழிலன்று. இக்கொள்கையே எக்ஸ்.எஸ்.எல்.டி.க்கும் வந்து சேர்ந்தது. வார்ப்புருக்கள் எந்த ஒழுங்கில் இயக்கப்பட்டாலும் விடை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது இதன் பயன்.

3. எண்ணுதலும் வரையறுத்தலும்

இதன் பயனைத் திருக்குறள் பதிப்பு ஒன்றைக் கொண்டு விளக்கலாம். 133 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்தாக 1330 குறள்கள். ஒவ்வொரு குறளுக்கும் தொடரெண் இடவேண்டும். பெட்டி முறையில் பயின்றவர் ஓர் எண்ணியை வைத்து, ஒவ்வொரு குறளையும் அச்சிடும்போது ஒன்றைக் கூட்டிச் செல்வார். எக்ஸ்.எஸ்.எல்.டி. அதற்கு இடந்தராது. மாறாக, எண் என்றால் என்ன என்பதை வரையறுக்கச் சொல்கிறது: அதிகார எண்ணில் ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கி, அதிகாரத்துள் குறளின் இடத்தைக் கூட்டுக. 25ஆம் அதிகாரத்தின் ஏழாம் குறள் 247 ஆகிறது. இதனைப் பெற முந்தைய 246 குறள்களையும் அச்சிட்டிருக்க வேண்டுவதில்லை.

முதல் முறையில் எண் என்பது அச்சிட்ட செயலின் தடம். இரண்டாம் முறையில் அது நூலைப் பற்றிய ஒரு கூற்று. பயிற்சித்தாள் ஒன்றுக்காக இருபது குறள்களை மட்டும் தெரிந்தெடுப்பின், எண்ணி அவற்றுக்கு 1 முதல் 20 வரை எண்ணிடும். வரையறையோ ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணையே தரும்.

எனினும் இங்கு ஒரு நுட்பத்தைக் கருதவேண்டும். அதிகாரத்துள் குறள்களின் வரிசை எல்லா உரையாசிரியர்க்கும் ஒன்றன்று. மணக்குடவர் வரிசையும் பரிமேலழகர் வரிசையும் பல இடங்களில் வேறுபடுகின்றன. பரிமேலழகர் வரிசையில் குறியிடப்பட்ட கோப்பை மணக்குடவர் வரிசைக்கு மாற்றிக் காட்டும்போது, 'இடம்' என்பதற்கு இரு பொருள் உண்டாகின்றன. 'பொசிஷன்' என்னும் சார்பு வரிசை மாற்றிய பின்னர் உள்ள இடத்தைத் தரும். தனக்கு முன்னுள்ள உடன்பிறப்புக் கணுக்களை எண்ணும் முறையோ மூலக் கோப்பில் உள்ள இடத்தைத் தரும். இவ்விரண்டில் எது வேண்டும் என்பது கணினி வினா அன்று, பதிப்பியல் வினா. மாறியை ஒருமுறையே வரையறுக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு, பதிப்பாசிரியரை அவ்வினாவுக்கு விடைகூறச் செய்கிறது. இதனை மொழியின் நிறையாகவே கொள்ளவேண்டும்.

இந்நிறைக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு கூறிலும் இரு எண்களைப் பெருக்கி, அப்பெருக்கங்களின் கூட்டுத்தொகையைக் காண்பது போன்ற எளிய கணக்குக்கும், முதற் பதிப்பில் தன்னையே மீண்டும் அழைக்கும் வார்ப்புரு ஒன்றை எழுதவேண்டியிருந்தது. மொழியாசிரியர்க்கு இது பெருஞ்சுமை என்பதை மறுப்பதற்கில்லை. 2.0 பதிப்பு, தொடர்களின்மீது இயங்கும் கோவைகளால் இச்சுமையைக் குறைத்தது. 3.0 பதிப்பு 'இட்டரேட்' என்னும் கட்டளையால், ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கையளிக்க வழி செய்தது. இரண்டிலும் மாறியை மாற்றும் உரிமை தரப்படவில்லை. கொள்கையைக் கைவிடாமலே குறை தீர்க்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

4. நிபந்தனை: செயலா, மதிப்பா?

'மழை பெய்தால் குடை எடு' என்பது ஒரு செயலை ஏவும் நிபந்தனை. மழை பெய்யாவிடின் எதுவும் செய்யவேண்டுவதில்லை. தொடர் முழுமையாகவே உள்ளது. 'மழை பெய்தால் கட்டணம் 5 வெள்ளி' என்பதோ ஒரு மதிப்பைக் கூறும் நிபந்தனை. மழை பெய்யாவிடின் கட்டணம் எவ்வளவு என்னும் வினா உடனே எழுகிறது. அதற்கு விடையில்லையேல் தொடர் குறைபட்டது. சார்புவழி மொழியில் நிபந்தனை என்பது இரண்டாம் வகையைச் சார்ந்தது. எக்ஸ்.எஸ்.எல்.டி.யைக் கற்பதில் உள்ள இடர்ப்பாட்டின் பெரும்பகுதி இவ்வேறுபாட்டை உணராமையால் விளைவதாகும்.

தொடக்கநிலையினர் செய்யும் பிழை இதற்குச் சான்று. உரை உண்டெனில் ஒரு தலைப்பும், இல்லையெனில் வேறொரு தலைப்பும் வேண்டும் என வைத்துக்கொள்வோம். அவர்கள் 'சூஸ்' கட்டளையை எழுதி, அதன் 'வென்' கிளைக்குள் 'தலைப்பு' என்னும் மாறியை ஒரு மதிப்புடனும், 'அதர்வைஸ்' கிளைக்குள் அதே பெயரை வேறொரு மதிப்புடனும் அறிவிப்பர். பின்னர் வெளியே அம்மாறியைப் பயன்படுத்த முயன்றால், அப்படியொரு மாறி இல்லை என்று செயலாக்கி கூறும். கிளைக்குள் பிறந்த பெயர் கிளையோடு மறைந்துவிடுகிறது. செய்யவேண்டியது தலைகீழானது: மாறியை வெளியே அறிவித்து, நிபந்தனையை அதன் உள்ளே அமைக்கவேண்டும். 'இவ்வாறாயின் தலைப்பை இவ்வாறு ஆக்கு' என்பதன்று. 'தலைப்பு என்பது, இவ்வாறாயின் இது, அல்லாக்கால் அது' என்பதே முறை. இலக்கண நூலார் பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என வகுத்துச் செல்லும் முறையோடு இது ஒத்துள்ளது. இவ்வொப்புமை விளக்கத்தின் பொருட்டேயன்றி, வரலாற்றுத் தொடர்பு காட்டுவதற்கன்று.

நிபந்தனையை மதிப்பாகக் கருதும் மொழி, அதனைச் சுருங்கச் சொல்லவும் வழி தரவேண்டும். முதற் பதிப்பு அதைத் தரவில்லை. எக்ஸ்பாத் கோவைகளுக்குள் 'ஆயின் – அல்லாக்கால்' அமைப்பு அன்று இல்லை. ஈரிடைத் தெரிவு ஒன்றுக்கு ஆறேழு வரிகள் வேண்டியிருந்தன. இக்குறையைச் சமாளிக்க எழுந்தவற்றுள் 'பெக்கர் முறை' என வழங்குவது குறிப்பிடத்தக்கது. நிபந்தனை உண்மையாயின் 1, பொய்யாயின் 0 எனக் கொண்டு, ஒன்றை அதனால் வகுத்து, கிடைக்கும் எண்ணிலிருந்து எழுத்துத்தொடரை வெட்டியெடுப்பது அம்முறை. ஒன்றை ஒன்றால் வகுத்தால் முதல் எழுத்திலிருந்து முழுத்தொடரும் கிடைக்கும். சுழியத்தால் வகுத்தால் முடிவிலி வரும். முடிவிலியிலிருந்து தொடங்கும் துண்டு வெறுமை. ஈரிடைத் தெரிவுக்கு இத்தகைய இரு துண்டுகளை இணைத்தால் போதும். அறிவுநுட்பம் பாராட்டத்தக்கதே. எனினும் ஒரு பதிப்பின் விதியை அடுத்து வரும் ஆசிரியர் படித்து உணரவேண்டும் என்னும் நோக்கில், இது விதியன்று, புதிர் என்றே கூறவேண்டும். 2007இல் எக்ஸ்பாத் 2.0 நிபந்தனைக் கோவையைத் தந்தது. அதில் 'அல்லாக்கால்' பகுதி கட்டாயமாக்கப்பட்டதும் பொருத்தமே.

5. மௌனமாய் நிகழும் பிழை

முதற் பதிப்பின் உண்மையான குறை இதனினும் ஆழமானது. மாறிக்கு மதிப்புத் தரும் வழிகள் இரண்டு. 'செலக்ட்' என்னும் பண்பின் வழியாக ஒரு கோவையைத் தரலாம். அல்லது கட்டளையின் உள்ளே உள்ளடக்கமாக எழுதலாம். மேற்போக்காக இவை ஒன்றெனத் தோன்றும். ஆயின், உள்ளடக்கமாக எழுதப்படுவது விடைமரத் துண்டு என்னும் தனி வகை மதிப்பாகிறது. அதன் உள்ளே சென்று கணுக்களைத் தேட முதற் பதிப்பு இடந்தரவில்லை. செயலாக்கிகளை உருவாக்கியோர் 'நோட்-செட்' என்னும் விரிவாக்கச் சார்பைச் சேர்த்தே அதனைக் கடந்தனர். 2000–2001இல் வரைவாக வந்த 1.1 பதிப்பு இவ்வகையை நீக்க முயன்றது, அவ்வரைவு கைவிடப்பட்டது. 2.0 வரும்வரை ஏழாண்டுகளுக்கும் மேலாக இத்தடை நீடித்தது.

தடையாவது கண்ணுக்குத் தெரியும், பொறி தெரியாது. குறளுக்குப் பாடவேறுபாடு உண்டாயின் உடுக்குறி இடுக என்பது நம் விதி. 'பாடவேறுபாடு_உண்டா' என்னும் மாறியின் உள்ளே, பாடவேறுபாடு குறியிடப்பட்டிருந்தால் 'ஆம்' என எழுதி, இல்லையேல் ஒன்றும் எழுதாமல் விடுகிறோம். பின்னர் அம்மாறியைச் சோதித்து உடுக்குறி இடுகிறோம். விளைவு, 1330 குறள்களுக்கும் உடுக்குறி விழுகிறது. காரணம், எழுத்தில்லா ஏடும் ஏடே. விடைமரத் துண்டு வெறுமையாயினும் அதற்கு ஒரு வேர்க்கணு உண்டு; கணு உண்டெனில் சோதனை உண்மையென முடிகிறது. அதே விதியைச் 'செலக்ட்' பண்பில் 'பாடம்' என்னும் கணுவைச் சுட்டி எழுதியிருப்பின், கணு இல்லாதவிடத்துச் சோதனை பொய்யென முடிந்து, குறி உரிய இடங்களில் மட்டும் விழுந்திருக்கும்.

மற்றொன்று, தமிழில் கூறுகளுக்குப் பெயரிடுவோர் குறிப்பாகக் கருதவேண்டியது. எக்ஸ்.எம்.எல். கூறுகளுக்கும் எக்ஸ்.எஸ்.எல்.டி. மாறிகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். 'செலக்ட்' பண்பில் உரை என்று வெறுமனே எழுதினால், உரை என்னும் பெயருடைய கூறினைத் தேடு என்பது பொருள். அதனை உள்மேற்கோளுக்குள் எழுதினால் மட்டுமே 'உரை' என்னும் சொல்லைக் குறிக்கும். சொல்லைச் சுட்டுவதும் சொல்லால் பொருளைச் சுட்டுவதும் வேறு என்பதைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். உள்மேற்கோளை மறந்தாலோ, பிழைச்செய்தி வருவதில்லை. கூறு இல்லாதவிடத்து வெறுமை வருகிறது.

இவ்விரு பிழைகளுக்கும் பொதுவானது மௌனம். நிரல் நின்றுவிடுவதில்லை; பக்கம் அழகாகவே தோன்றுகிறது. வாசகர் அதனை நம்பி மேற்கோள் காட்டுவர். பரிமேலழகர் தம் உரையில் பாடவேறுபாடுகளைச் சுட்டிச் செல்கிறார். அத்தகைய உழைப்பை ஏந்திவரும் ஒரு பதிப்பில் எல்லாக் குறளுக்கும் உடுக்குறி விழுவது அச்சுப்பிழையன்று, ஆய்வுப்பிழை.

இங்கு இன்னொரு கருத்தும் உளது. பதிப்பியலில் விடை பெரும்பாலும் ஈரிடைத்தன்று, மூவிடைத்து. பாடவேறுபாடு உண்டு, சுவடிகளை ஒப்புநோக்கியும் வேறுபாடு இல்லை, இன்னும் ஒப்புநோக்கவில்லை. நிபந்தனையின் ஒரு கிளையை வெறுமையாக விடும்போது, பின்னைய இரண்டும் ஒன்றாகி, செய்யாத ஆய்வு செய்து முடித்த ஆய்வாகத் தோற்றமளிக்கிறது. 'சூஸ்' கட்டளையில் 'அதர்வைஸ்' கிளையை எழுதாமல் விட மொழி அனுமதிப்பது இதற்குத் துணைபோகிறது.

6. பிந்தைய பதிப்புகளின் தீர்வு

2.0 பதிப்பு விடைமரத் துண்டு என்னும் வகையை நீக்கியது. எனினும் பொறி முற்றும் நீங்கவில்லை. வகை குறிப்பிடாமல் உள்ளடக்கமாக எழுதப்படும் மாறி, தற்காலிக மரமாகவே அமைகிறது. அதனைச் சோதித்தால் இன்றும் விடை உண்மையே. தீர்வு, 'ஆஸ்' என்னும் பண்பில் உள்ளது. இம்மாறி உண்மை அல்லது பொய் என்னும் வகையினது என்று அதில் அறிவித்துவிட்டால், ஒரு கிளையை வெறுமையாக விட்டாலும் 'இல்லை' என்னும் சொல்லை அங்கே எழுதினாலும் செயலாக்கி பிழையெனச் சொல்லி நின்றுவிடும். மௌனம் பேச்சாகிறது. நிரல் நிற்பதை நம் ஆசிரியர்கள் தோல்வியாகக் கருதுகின்றனர். உண்மையில் தவறான பக்கத்தை வெளியிடாமல் நிற்பதே நற்பணி.

புதிய பதிப்பு எல்லாவகையாலும் மேலானது எனவும் கூறுவதற்கில்லை. ஒரு வார்ப்புருவுக்குள் முன்னரே உள்ள மாறியின் பெயரை மீண்டும் அறிவிப்பதை 1.0 பிழையெனத் தடுத்தது. 2.0 அதனை அனுமதிக்கிறது. உள்ளே பிறக்கும் புதிய மாறி வெளியே உள்ளதை மறைத்துக்கொள்ளும். ஆகவே, சுழியத்தில் தொடங்கிய எண்ணியைச் சுற்றுக்குள் 'எண்ணியுடன் ஒன்று' என மறு அறிவிப்புச் செய்பவர்க்கு ஒவ்வொரு சுற்றிலும் 1 என்னும் விடையே கிடைக்கும். முன்னர்ப் பேசிய பிழை இங்கு மௌனமாகிவிட்டது.

நடைமுறையிலும் ஒரு தடை உண்டு. முதன்மையான உலாவிகள் 1.0 பதிப்புக்கு மேற்செல்லவேயில்லை. பலரும் பயன்படுத்தும் லிப்எக்ஸ்.எஸ்.எல்.டி. நூலகமும் அவ்வாறே. 2025ஆம் ஆண்டில் குரோம் உலாவியை உருவாக்குவோர் இவ்வசதியை நீக்கும் முடிவையும் அறிவித்தனர். ஆகவே, வாசகர் கணினியில் உருமாற்றம் நிகழட்டும் என்று கோப்புகளை அமைத்துள்ள திட்டங்கள், சாக்ஸன் போன்ற 3.0 செயலாக்கியைக் கொண்டு பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வெளியிடுவது நன்று. அச்செயலாக்கிக்குக் கட்டணமற்ற பதிப்பும் உண்டு.

7. முடிவுரை

மாறியை மாற்ற இயலாமை எக்ஸ்.எஸ்.எல்.டி.யின் குறையன்று என்பது இத்திறனாய்வின் முடிபாகும். அது பதிப்பாசிரியரைச் 'செய்' என்னும் ஏவலிலிருந்து 'ஆகும்' என்னும் வரையறைக்கு அழைத்துச் செல்கிறது. குறையாவது, நிபந்தனையை மதிப்பாகக் கொண்ட மொழி, அம்மதிப்பு இல்லாதபோது வாய்திறவாமல் இருந்தமையும் சில இடங்களில் இன்றும் இருப்பதுமே ஆகும்.

இதனின்று ஆசிரியர்கள் மேற்கொள்ளத்தக்கவை நான்கு. மதிப்பைக் கூடியவரை 'செலக்ட்' பண்பிலேயே தருக. உள்ளடக்கமாக எழுதவேண்டியவிடத்து வகையை அறிவிக்க. 'அதர்வைஸ்' கிளையை ஒருபோதும் விடாது, 'ஒப்புநோக்கப்படவில்லை' என்பதையும் ஒரு மதிப்பாகவே எழுதுக. எண்ணிடும்போது எவ்வரிசையைக் கருதினோம் என்பதை விதியிலேயே குறிப்பிடுக.

சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள், தாம் கண்ட சுவடிகளையும் கொண்ட பாடங்களையும் முன்னுரையில் வெளிப்படையாக எழுதினர். மின்பதிப்பில் அம்முன்னுரையின் ஒரு பகுதி நடைத்தாளுக்குள் எழுதப்படுகிறது. வாசகர் அதனைக் காண்பதில்லை என்பதால் அதன் பொறுப்புக் குறைவதில்லை. தமிழ்த்துறைகள் மின்பதிப்பைப் பாடமாக வைக்கும்போது, குறியிடும் முறையோடு இவ்விதிகளைப் படிக்கவும் ஐயுறவும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.